சூரிச்சில் இருமுறை மூடப்பட்ட ஹெராயின் சந்தை

சூரிச் முதன்மை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் சுவிட்சர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. அதன் பின்புறம், சீல் ஆறு லிம்மாட் ஆற்றில் கலக்கும் முனை வரை நீள்கிற பூங்காவுக்கு பிளாட்ஸ்பிட்ஸ் என்று பெயர். 1980களின் பிற்பாதியிலிருந்து 1992 வரை அது ஐரோப்பா முழுவதும் அறிந்த ஹெராயின் சந்தையாக இருந்தது. கூட்டம் மிகுந்த நாள்களில் மூவாயிரம் பேர் வரை வந்துபோனார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை ‘ஊசிப் பூங்கா’ என்று எழுதின.

1992 பிப்ரவரி 5 அன்று பூங்கா மூடப்பட்டது. வெகு விரைவிலேயே அதே கூட்டம் லிம்மாட் ஆற்றோரமாகச் சற்றுத் தள்ளி, ரயில் ஓட்டம் நின்றுபோன லெட்டன் நிலையத்தில் கூடிவிட்டது. 1995 பிப்ரவரி 14 அன்று லெட்டனும் மூடப்பட்டது. அதன்பிறகு அந்த அளவில் ஒரு சந்தை சூரிச்சில் எழவில்லை.

ஊர் அதேதான், போலீஸ் அதேதான், பொருளும் அதேதான். பிறகு ஏன் முதல் மூடல் தோற்று, இரண்டாவது நிலைத்தது? போதைப் பழக்கம் குற்றமா நோயா என்று காலங்காலமாக நடக்கும் வாதத்தைவிட, இந்த மூன்றாண்டு இடைவெளியை உற்றுப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பூங்கா உருவான விதம்

சுவிட்சர்லாந்தைத் தளர்வான சட்டம் கொண்ட நாடு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1975இல் அந்நாடு தன் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, விற்பதை மட்டுமல்லாமல் உட்கொள்வதையும் தண்டனைக்குரியதாக்கியது. ஹெராயின் பரவத் தொடங்கிய காலம் அது. அடுத்த பத்தாண்டுகள் சூரிச் போலீஸ் செய்தது ஒரே வேலைதான்: பழைய நகரத்துச் சதுக்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கு, ஆற்றங்கரையிலிருந்து இன்னொரு தெருமுனைக்கு என்று ஒரே ஆட்களை மாற்றி மாற்றித் துரத்துவது.

1980 மே மாத இறுதியில் சூரிச் ஆபெரா மாளிகை முன்பு இளைஞர் கலகம் வெடித்தது. ஆபெராவுக்குக் கோடிக்கணக்கில் செலவிடும் நகரம் எங்களுக்கு ஓர் இடம் தராதா என்பது அவர்கள் கேள்வி. அப்படிப் பெற்ற தன்னாட்சி இளைஞர் மையத்துக்குள் ஹெராயின் பழக்கமுள்ளவர்களும் ஒதுங்கினார்கள். 1982இல் அந்தக் கட்டடத்தை நகரம் இடித்துத் தள்ளியது. ஒதுங்கியவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள்.

அடுத்து எய்ட்ஸ் வந்தது. 1980களின் நடுவில் மேற்கு ஐரோப்பாவிலேயே எச்.ஐ.வி. தொற்று மிகுந்த நாடுகளில் ஒன்றாக சுவிட்சர்லாந்து இருந்தது. ஊசியைப் பகிர்ந்துகொள்வது அதற்கு முக்கியக் காரணம். அந்த நேரத்தில், 1985இல், சூரிச் மாநிலத்தின் சுகாதாரத் தலைமை என்ன செய்தது தெரியுமா? சுத்தமான சிரிஞ்சுகளைக் கொடுக்கும் மருத்துவர்கள் தொழில் உரிமத்தை இழக்க நேரிடும் என்று எச்சரித்தது. சிரிஞ்சு கொடுத்தால் பழக்கத்தை ஊக்குவித்ததாகிவிடும் என்பது வாதம். நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் தடையை வெளிப்படையாக மீறப்போவதாகக் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். மறு ஆண்டே தடை விலகியது. இந்த வரலாற்றில் மாற்றத்தின் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அரசியல்வாதிகளோ போராளிகளோ அல்லர். சாதாரணக் குடும்ப மருத்துவர்கள்.

துரத்திக் களைத்த நகர நிர்வாகம் பூங்காவுக்குள் நடப்பதைக் கண்டும் காணாமல் விட முடிவுசெய்தது. 1988இல் பீட்டர் கிரோப் என்ற மருத்துவரின் தலைமையில் ஓர் எய்ட்ஸ் தடுப்புக் குழு உள்ளேயே அமர்ந்தது. பயன்படுத்திய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். சில நாள்களில் பத்தாயிரத்துக்கும் மேல். மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டார்கள். அளவு மீறிச் செலுத்திக்கொண்டு மூச்சடங்கிக் கிடந்தவர்களுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்து எழுப்பினார்கள். இது அன்றாடம் நடந்தது.

சகித்துக்கொண்டதும் கைவிட்டதும்

பிளாட்ஸ்பிட்ஸைக் காட்டி இருதரப்பும் வாதாடுவதுண்டு. ‘தளர்த்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள்’ என்பார்கள் கடுமையை விரும்புபவர்கள். மறுதரப்பு, அங்கே காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணிக் காட்டும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அங்கே தளர்த்தப்பட்டது என்ன என்பதை இருதரப்பும் சரியாகச் சொல்வதில்லை.

ஹெராயின் அப்போதும் கள்ளச்சந்தைச் சரக்குதான். விலையைக் கடத்தல்காரர்கள் வைத்தார்கள். கலப்படம் அவர்கள் விருப்பம். கடுமையாக அடிமைப்பட்ட ஒருவர் அன்றன்றைக்குப் பெருந்தொகையைத் திரட்டியாக வேண்டும். திருட்டு, பாலியல் தொழில், சிறு அளவில் தானே விற்பது என்று மூன்று வழிகள் இருந்தன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் பூங்கா அறுக்கவில்லை. மெத்தடோன் என்ற மாற்று மருந்து நாட்டில் இருந்தது. ஆனால் அதைப் பெறுவதற்கு நிபந்தனைகள் மிகுதி, இடங்கள் குறைவு. ஆக, அரசு அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: இங்கேயே இருங்கள், எய்ட்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். இதைச் சகிப்பு என்று அழைக்கலாம். எனக்கு இது கைகழுவலுக்கு மிக அருகில் இருப்பதாகப் படுகிறது. கிரோப்பின் குழு இல்லாவிட்டால் கைகழுவலேதான்.

இன்னொன்று. பூங்காவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சூரிச் நகரவாசிகள் அல்லர். மற்ற ஊர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட, சூரிச் எல்லாருடைய பாரத்தையும் ஒரு பூங்காவில் சுமந்தது. நகரத்துக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது.

முதல் மூடல்

1992இல் மேலிடத்து உத்தரவின்படி பூங்கா மூடப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு நகரத்திடம் போதிய விடை இல்லை. படுக்கைகள் போதவில்லை. சிகிச்சை இடங்களும் போதவில்லை. சொந்த ஊருக்கு அனுப்பலாம் என்றால் வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் தயாராக இல்லை. கூட்டம் ரயில் நிலையத்தை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களுக்குள் சிதறியது. வீட்டு மாடிப்படிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் சிரிஞ்சுகள் கிடந்தன. அதுவரை பூங்காவை எட்டிக்கூடப் பார்க்காத மக்களின் வாசலுக்கு அது வந்து சேர்ந்தது. பிறகு லெட்டன். அங்கே நிலைமை முன்னைவிட மோசம். விற்பனைக் குழுக்களுக்கிடையே வன்முறை கூடியது, கோக்கைனும் சேர்ந்துகொண்டது. நாடு முழுவதும் போதைப்பொருளால் நேர்ந்த சாவுகள் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 400ஐ எட்டின. மொத்த மக்கள்தொகை எழுபது லட்சத்துக்கும் குறைவாக இருந்த நாடு அது.

இடையில் நடந்தது

இந்த மூன்று ஆண்டுகளில்தான் நான்கு தூண் கொள்கை என்று இன்று பாடம் நடத்தப்படும் ஏற்பாடு கூடி வந்தது: தடுப்பு, சிகிச்சை, தீங்குகுறைப்பு (பழக்கம் நிற்காவிட்டாலும் அதனால் வரும் நோயையும் சாவையும் குறைப்பது), சட்டநடவடிக்கை. பெயர்களைக் கேட்டால் ஓர் அரசுத்துறைச் சுவரொட்டி போலத்தான் இருக்கிறது. அதன் உள்ளடக்கம் வேறு. அதுவரை ஒன்றையொன்று பகையாகப் பார்த்துவந்த போலீஸும் சமூகநலத்துறையும் மருத்துவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, யார் எப்போது என்ன செய்வது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கூட்டாட்சி அரசும் உள்ளே வந்தது. நகரம் தனியாக இல்லை.

இதில் இரண்டு பெண்களின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. எமிலி லீபர்ஹேர், 1970 முதல் 1994 வரை சூரிச் நகர ஆட்சிக்குழுவில் சமூகநலத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். அதற்கு முன்பு, 1969இல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு பெர்ன் நகரில் நடந்த பேரணியை முன்னின்று நடத்தியவர். கடுமையாக அடிமைப்பட்டவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே கொடுத்துவிடலாம் என்று வாதாடியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். மற்றொருவர் ரூத் டிரைஃபுஸ். 1993இல் கூட்டாட்சி அமைச்சரவைக்கு வந்து உள்துறையை ஏற்றார்; சுகாதாரம் அதன்கீழ் வருவது. பரிசோதனைகளுக்கு மத்திய அரசின் தோள் கிடைத்தது அவர் காலத்தில். 1999இல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார்.

1994 ஜனவரியில் பரிசோதனை தொடங்கியது. அறிவியல் பொறுப்பு, மனநல மருத்துவர் ஆம்ப்ரோஸ் உக்டன்ஹாகனுடையது. யார் வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்ளும் கடை அன்று. பல ஆண்டுகள் அடிமைப்பட்டு, மற்ற சிகிச்சைகளை முயன்று தோற்று, உடலும் வாழ்வும் சிதைந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. நோயாளி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மையத்துக்கு வருவார். செவிலியர் அளந்து கொடுத்த சிரிஞ்சை அவர் கண்முன்னே தானே செலுத்திக்கொள்வார். எதையும் வெளியே எடுத்துப்போக முடியாது. மருத்துவரும் சமூகப்பணியாளரும் அதே கட்டடத்தில் இருப்பார்கள்: வீடு, கடன், வேலை, குழந்தை, பல்வலி எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

அளவில்லாமல் கொடுத்தால் அளவில்லாமல் கேட்பார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அது நடக்கவில்லை. சில மாதங்களில் ஒவ்வொருவருடைய அளவும் ஓரிடத்தில் நின்றது. 1996 இறுதிவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். நிரந்தர வேலையில் இருந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 32 சதவீதமானார்கள். சட்டத்துக்குப் புறம்பான அல்லது அதை ஒட்டிய வழிகளில் பணம் ஈட்டியவர்கள் 69 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தார்கள். மையம் கொடுத்த மருந்தால் அளவு மீறி யாரும் சாகவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு 51 பிராங்கு. குறைந்த குற்றம், குறைந்த சிறைச்செலவு, குறைந்த மருத்துவச்செலவு எனச் சமூகத்துக்குக் கிடைத்த பலன், இந்தச் செலவைக் கழிக்கும் முன், 96 பிராங்கு என்று கணக்கிட்டார்கள்.

இந்த எண்களை வாசிக்கும்போது ஓர் ஆட்சேபத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆராய்ந்து, நோயாளிகள் மேம்பட்டது உண்மை, ஆனால் அது ஹெராயினால் வந்ததா, உடன் கிடைத்த வீடு வேலை ஆலோசனைகளால் வந்ததா என்று இந்த ஆய்வின் அமைப்பை வைத்துச் சொல்ல முடியாது என்றது. சரியான விமர்சனம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு முறையாக அமைக்கப்படவில்லை. பின்னாளில் நெதர்லாந்தும் ஜெர்மனியும் மெத்தடோன் பெற்ற குழுவோடு ஒப்பிட்டு ஆய்வுகள் செய்து, கடைநிலை நோயாளிகளுக்கு ஹெராயின் கூடுதல் பலன் தருகிறது என்று காட்டின.

உலகம் ‘ஹெராயின் கொடுக்கும் நாடு’ என்று பேசிக்கொண்டிருக்க, உள்ளூரில் பெரும்பாரத்தைச் சுமந்தது மெத்தடோன். அதைப் பெறுவதற்கான கதவு அகலத் திறக்கப்பட்டது. குடும்ப மருத்துவரிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றானது. இன்று மாற்று மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் ஹெராயின் மையத்துக்குப் போகிறவர். தலைப்புச் செய்தியாகாத இந்த விஷயம்தான் சந்தையின் வாடிக்கையாளர்களை உண்மையில் குறைத்தது என்பது என் கணிப்பு.

இரண்டாவது மூடல், அதன் மறுபக்கம்

1995 பிப்ரவரியில் லெட்டனை மூடியபோது போகுமிடங்கள் முன்கூட்டியே எண்ணி வைக்கப்பட்டிருந்தன: இரவு தங்குமிடங்கள், ஊசி போட்டுக்கொள்ளக் கண்காணிப்பு உள்ள அறைகள் (உலகின் முதல் அறை 1986இலேயே பெர்ன் நகரில் திறக்கப்பட்டிருந்தது), மெத்தடோன், ஹெராயின் மையங்கள். வெளியூர்க்காரர்கள் பிடித்து வைக்கப்பட்டு அவரவர் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். நகரத்தின் கண்காணிப்பு அறைகளுக்குள் நகரவாசிகளுக்கு மட்டுமே அனுமதி. கூட்டம் கூடினால் போலீஸ் கலைத்தது. ஒரே இடத்தில் பத்துப்பேர் சேரவிடவில்லை.

கடுமை இதில் நிறையவே இருந்தது. தீங்குகுறைப்பைப் பாராட்டி எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை மெல்லக் கடந்துபோகிறார்கள். லெட்டன் மூடப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 1 அன்று, வெளிநாட்டவரை மாதக்கணக்கில் காவலில் வைக்கவும் குறிப்பிட்ட பகுதிக்குள் நுழையவிடாமல் தடுக்கவும் அதிகாரம் தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1994 டிசம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டம் அது. லெட்டன் காட்சிகள்தான் அந்த வாக்குகளைத் திரட்டின. பழக்கமுள்ள சுவிஸ் பிள்ளைக்கு மருத்துவமனை, விற்ற அயல்நாட்டவனுக்குக் காவல்கூடம் என்று பிரிவினை தெளிவானது.

இதில் தமிழர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழர்கள், 1980களில் சுவிஸ் செய்தித்தாள்களிலும் தெருப்பேச்சிலும் ஹெராயின் விற்பவர்கள் என்று பொதுவாகப் பழிக்கப்பட்டார்கள். சிலர் செய்த குற்றம் எல்லார் முதுகிலும் ஏறியது. உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரும் தெருவில் சந்தேகப் பார்வையைச் சந்திக்க வேண்டியிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே சமூகம் உழைப்பாளிகள் என்ற நற்பெயரைப் பெற்றது. பழி, பின்னால் வந்த அல்பேனியர்கள்மேலும் ஆப்பிரிக்கர்கள்மேலும் இடம் மாறியது. போதைப்பொருள் கொள்கையைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இந்த அனுபவத்தை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று நான் வியப்பதுண்டு.

வாக்குச்சாவடியில்

சுவிட்சர்லாந்தில் எதுவும் வாக்கெடுப்புக்குத் தப்பாது. 1997 செப்டம்பரில் ‘போதையற்ற இளைஞர்’ என்ற முன்மொழிவு வந்தது: முழு விலக்கு, அதாவது பழக்கத்தை அறவே விடுவது ஒன்றே இலக்கு, ஹெராயின் மையங்களை மூடு. 70 சதவீதத்துக்கும் மேல் எதிர்ப்பு. அடுத்த ஆண்டு நவம்பரில் எதிர்த்துருவம்: எல்லாப் போதைப்பொருள்களையும் சட்டபூர்வமாக்கி அரசே விற்கட்டும். 74 சதவீதம் எதிர்ப்பு. 1999 ஜூனில் ஹெராயின் சிகிச்சையைத் தொடரும் ஆணைக்கு 54 சதவீத ஆதரவு, நூலிழை வெற்றிதான். 2008 நவம்பரில் அதை நிரந்தரச் சட்டமாக்கக் கேட்டபோது 68 சதவீதம் ஆதரித்தது. அதே நாளில் கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கும் முன்மொழிவை அதே மக்கள் தோற்கடித்தார்கள்.

வாக்காளர் இரக்கம் மேலிட்டு வாக்களித்தார் என்று நான் நம்பவில்லை. தன் வீட்டு மாடிப்படி சுத்தமாக இருந்ததை அவர் பார்த்தார். அதுவும் ஒரு நல்ல காரணமே. கொள்கை வகுப்பவர்கள் மக்களின் மனம் மாறும்வரை காத்திருக்கவில்லை. பலனைத் தெருவில் காட்டிவிட்டுப் பிறகு கேட்டார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். விலக்கை வலியுறுத்தியவர்களிடம் ஒரு வலுவான கேள்வி இருந்தது: அரசே ஹெராயின் கொடுத்தால் என் மகன் அதை விட்டு வருவது எப்போது? முதல் மூன்று ஆண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்டோர் விலக்குச் சிகிச்சைக்கு மாறினார்கள். அது ஆயிரத்தில் எண்பதுதான். பலர் மையத்திலேயே பத்து, இருபது ஆண்டுகள் இருந்துவிட்டார்கள். இன்று ஐம்பதைக் கடந்தவர்கள் ஏராளம். மகனைப் பற்றிய அந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் சொன்ன நேர்மையான பதில், ‘வராமலே போகலாம், ஆனால் உயிரோடு இருப்பான்’ என்ற அளவில்தான் இருக்க முடிந்தது. சர்க்கரை நோயாளி வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட்டுக்கொள்வதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை என்பது அவர்கள் தரப்பு. எனக்கு அந்த ஒப்புமை முழு நிறைவு தரவில்லை. ஆனால் 1992இன் சாவுக்கணக்கை வைத்துப் பார்த்தால் நான் அவர்கள் பக்கம்தான்.

புதிதாகப் பழகுபவர்கள் பெருகுவார்கள் என்ற இன்னொரு அச்சத்துக்குத் தெளிவான விடை கிடைத்தது. கார்லோஸ் நோர்ட், ரூடால்ஃப் ஸ்டோலர் ஆகியோர் 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, சூரிச் மாநிலத்தில் வாடிக்கையாக ஹெராயின் பழகத் தொடங்கியவர்கள் 1990இல் 850, 2002இல் 150. அவர்கள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. போலீஸோடு மோதும் கலகக்காரனின் பொருளாக இருந்த ஹெராயின், செவிலியர் முன்னால் வரிசையில் நின்று வாங்கும் நோயாளியின் மருந்தாகிவிட்டது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அதில் என்ன கவர்ச்சி இருக்கும்?

இன்று

ஹெராயின் சிகிச்சை அடிப்படை மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டது. அதைச் சுற்றி இப்போது பெரிய சண்டை இல்லை. ஆனால் 1975 சட்டத்தின் அடிப்படை அப்படியே இருக்கிறது: பழக்கத்துக்காகப் போதைப்பொருள் உட்கொள்வது சுவிட்சர்லாந்தில் இன்றும் அபராதத்துக்குரிய குற்றம்.

புதிய தலைவலி கோக்கைன். புகைக்கும் வடிவமான கிராக், ஜெனீவாவில் தொடங்கிப் பல நகரங்களில் பரவியிருக்கிறது. ஹெராயினுக்கு மெத்தடோன் போலக் கோக்கைனுக்கு நிலைநாட்டப்பட்ட மாற்று மருந்து கிடையாது. அதன் போதை சில நிமிடங்களே நிற்பதால் பழகியவர் ஒரு நாளில் பலமுறை தேடி அலைகிறார். நாளுக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகும் மையத்தின் அமைப்பு அவருக்குப் பொருந்தாது. சூரிச்சில் நகரமையத்தில் இருந்த ஒரு கண்காணிப்பு அறை மூடப்பட்ட பிறகு, 2023 கோடையில் பெக்கெர் பூங்காவில் கிராக் புகைப்பவர்கள் கூடத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள், போலீஸ் ரோந்து வந்தது. மூடிய அறைக்குப் பதிலாகப் பழைய ராணுவக் குடியிருப்பு வளாகத்தில் தற்காலிக அறையொன்றை அந்த ஆண்டு முடிவதற்குள் நகரம் திறந்தது.